குழாயடிப் படம்

“சாமி நம்மளையே பாத்துக்கிட்டு இருக்காரே, அவருக்குப் போரடிக்காதா?”

அக்காள் மகள் காவியா, ஐந்து வயதில், சங்கரன்கோவில் சன்னதியில் நின்று கேட்ட கேள்வி இது. சென்னையில் சினிமாவில் இருக்கும் அவள் மாமா ஆனந்த்சங்கர் அதற்குப் பதிலாக ஒரு படம் எடுத்தான். தன் வீட்டு மாடி ஜன்னலில் கேமராவை நிறுத்தி, தெருக்குழாயையும் அதன் முன் வரிசையாக நின்ற குடங்களையும் ஒரு மணி நேரம் அசையாமல் பிடித்தான். வசனமில்லை, இசையில்லை. தண்ணீரும் வரவில்லை.

சென்னையில் நாலு பேர் பாராட்டிய அந்தப் படத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் தெருக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினான்.

கொஞ்ச நேரத்திலேயே டீக்கடை சுடலைராஜ் வாய் திறந்தார்.

“அந்த நீலக் குடத்தோட நடிப்பப் பாத்தீரா வே? கண்ணச் சிமிட்டாம நிக்கி.”

“பச்சைக் குடம் கொஞ்சம் ஓவராப் பண்ணுது,” என்றார் பக்கத்தில் இருந்த காசிராஜன், தாடையைத் தடவியபடி.

“கோயில்ல ஆடித்தபசுக்கு நாள் பூரா நிக்கோம்னா கடைசில சாமி வந்து காட்சி குடுக்கும். இங்கன யாரு வருவா?” என்றார் சுடலைராஜ்.

“தண்ணி லாரி வரும். பொறும்.”

“கொஞ்சம் அமைதியாப் பாருங்க அண்ணாச்சி,” என்றான் ஆனந்த்சங்கர். “இதுல நேரம்தான் கதை.”

“எனக்கும் நேரம்தான் மக்கா போகுது,” என்று காசிராஜன் எழுந்தார்.

“உக்காருங்க மாமா. படம் முடியிறவரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கப்பிடாது,” என்றாள் வாசல் பக்கம் இருந்த இசக்கிச்செல்வி.

அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பது தெருவுக்கே தெரியும். கேமரா ஜன்னலில் நின்ற அதே நாளில்தான், வரிசையில் முதலாக வைத்த அவளுடைய சிவப்புக் குடம் கடைசிக்குப் போயிருந்தது. பிறகு வந்த தண்ணீர் அவள் முறைக்கு முன்பே நின்றுவிட்டது. எதிர்வீட்டுப் பேச்சி அந்தக் குடத்தைத் தொட்டதை ஒருத்தி பார்த்திருந்தாள். “கீழ கெடந்துச்சு, எடுத்து வச்சேன்,” என்று பேச்சி சொன்னதை யாரும் நம்பவில்லை. இசக்கிச்செல்வி தெரு நடுவில் நின்று அவளைக் களவாணி என்றாள். அன்றிலிருந்து பேச்சி அந்தக் குழாய்க்கு வருவதில்லை. அடுத்த தெருவிலிருந்து சுமக்கிறாள். படம் பிடித்த கையோடு சென்னைக்குப் போய்விட்ட ஆனந்த்சங்கருக்கு இதெல்லாம் தெரியாது.

“மொதக் குடம் என்னது. நல்லாப் பாத்துக்கோங்க,” என்றாள் இசக்கிச்செல்வி. “கையும் களவுமா மாட்டப்போறா.”

பேச்சி வந்திருக்கவில்லை. எல்லோர் கண்ணும் சிவப்புக் குடத்தின் மேல் நின்றது. இப்படி ஒரு கவனத்தை ஆனந்த்சங்கர் சென்னையில்கூடப் பார்த்ததில்லை.

பாதிப் படம் தாண்டியதும் ஆடு ஒன்று வந்தது. குழாயை நக்கிப் பார்த்தது. ஏமாந்த கோபத்தில் சிவப்புக் குடத்தை முட்டியது. குடம் சரிவில் உருண்டு, வரிசை முழுவதையும் தாண்டிச் சாக்கடை ஓரம் போய்க் கிடந்தது.

பிறகு பேச்சி வந்தாள். குடத்தை எடுத்தாள். சேற்றை முந்தானையால் துடைத்தாள். விரிசல் விட்டிருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

“பின்னால ஓட்டுலே,” என்றார் சுடலைராஜ். “ஆட்ட இன்னொரு தடவை பாக்கணும்.”

“அப்படி ஓட்டப்பிடாது அண்ணாச்சி. இது படம்.”

“கிரிக்கெட்ல காட்டுதான்லா?”

ஓட்டினான். திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. “அந்த ஆடு வந்ததே தப்பு,” என்று அலுத்துக்கொண்டான். “வெட்டி எறியணும்னுதான் இருந்தேன்.”

“வெட்டிராத மக்கா. இதுல நடிக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்,” என்றார் காசிராஜன்.

சிரிப்பு அடங்கியபோது இசக்கிச்செல்வியின் நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் விடியுமுன் தண்ணீர் வந்தது. தெருவில் இசக்கிச்செல்வியைத் தவிர யாரும் எழவில்லை. தெரு நடுவில் சொன்ன சொல்லைத் தெரு நடுவில்தான் திரும்ப வாங்க வேண்டும். அதற்கு ஆட்கள் எழட்டும் என்று இசக்கிச்செல்வி நினைத்துக்கொண்டாள். ஆனால் பேச்சி அடுத்த தெருவிலிருந்து சுமந்த தண்ணீரின் கணக்கு வேறு; அதைத் தீர்க்க ஆட்கள் வேண்டாம்.

பேச்சி வீட்டு வாசலில் கவிழ்த்திருந்த குடம் ஒன்றை எடுத்து வந்து, கழுவி, நிறையப் பிடித்தாள். இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்ப் படியோரம் வைத்து, தூசி விழாமல் தட்டால் மூடினாள். உள்ளே பேச்சி இருமுவது கேட்டது. அசையாமல் நின்றாள். சத்தம் அடங்கியதும் அடுத்த குடத்தை எடுத்தாள். இன்னும் இரண்டு இருந்தன. தண்ணீர் நிற்பதற்குள் நிரப்ப வேண்டும்.