அவன் டீ குடிக்கக்கூடாது

மூன்றாவது ஒத்திகையிலும் கிளிஃபோர்ட் அந்த டீயை வாங்கிக் குடித்துவிட்டான்.

"யோவ், கோப்பையைக் கீழ வைய்யா!" என்று கத்தினாள் நாடகத்தை இயக்கும் பிரெண்டா. ஹல் என்ற மீன்பிடித் துறைமுகத்தின் சர்ச் கூடமே சிரித்தது. கிளிஃபோர்டுக்கு விசாரணைக்காரன் வேஷம். மூழ்கிப்போன மீன்பிடிக் கப்பலைப் பற்றிக் கேட்க, முதலாளி வீட்டுக்குள் எங்கிருந்தோ வந்து நிற்பவன். முதலாளியின் மனைவி டீ நீட்டுவாள், அவன் தொடக்கூடாது. ஆனால் மனைவியாக நடித்தவள் எட்னா. மீன் சந்தையில் எடை போடும் கிளிஃபோர்டுக்கு அவள்மேல் வெகுநாள் ஆசை. அவள் நீட்டினால் விளக்கெண்ணெயைக்கூட மடக் மடக்கென்று குடிப்பான், பாவம்.

"இந்த ஆளு யாருதான்? போலீஸா, பேயா, கடவுளா?" என்று கேட்டான் முதலாளியாக நடித்த கார்டன்.

"எதுவா வேணா இருக்கட்டும்," என்றாள் பிரெண்டா. "சத்தம் போடமாட்டான், மிரட்டமாட்டான். ஆனாலும் வீடே நடுங்குது. ஏன்? அந்த வீட்டுல அவன் பச்சைத்தண்ணி தொடலை. ஒரு வாய் குடிச்சா விருந்தாளி ஆயிடுவான். விருந்தாளி எங்கய்யா கேள்வி கேப்பான்? கிளிஃப், இன்னொரு தரம் குடிச்சே, வேற ஆளைப் போட்டுடுவேன்."

கிளிஃபோர்டின் முகம் தொங்கிப்போனது. இத்தனை வருடமும் கதவு திறக்கும் வேலைக்காரனாகவே வந்துபோனவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேஷம்.

ஒத்திகை முடிந்து எட்னா கோப்பைகளைக் கழுவ, அவன் துடைத்தான்.

"நீ குடுத்தா வேண்டாம்னு சொல்ல வரமாட்டேங்குது, எட்னா."

"தெரியும் கண்ணு." அவள் குழாயை மூடினாள். "எங்க அண்ணன் டெட்டோட கப்பல் மூழ்கிடுச்சுன்னு சொல்ல கப்பல் கம்பெனி ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்தாரே, அவருக்கும் நான்தான் டீ போட்டேன். ரெண்டு கப் குடிச்சாரு. கேக் பிரமாதம்னாரு. ரேடியோ பழுதுன்னு தெரிஞ்சும் ஏன் அனுப்பினீங்கன்னு கேக்க, நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நம்ம கேக்கைத் தின்னுட்டிருக்கிற மனுசன்கிட்ட எப்படிக் கேக்கிறது? இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் கேக்கலை." கையைத் துடைத்துக்கொண்டாள். "என் டீயைக் குடிக்காத, கிளிஃப்."

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பாதிப்பேர் கப்பலுக்கு ஆள் அனுப்பிய வீட்டுக்காரர்கள். எட்னா கோப்பையை நீட்டினாள். கிளிஃபோர்டின் கை பழக்கதோஷத்தில் எழுந்தது. பிறகு கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

"வேண்டாம்மா."

முதலாளி பக்கம் திரும்பினான். கப்பல் என்றைக்குக் கிளம்பியது என்று கேட்கவேண்டிய இடம் அது.

"ரேடியோ பழுதுன்னு தெரிஞ்சும் ஏன் அனுப்பினீங்க?"

கார்டனுக்கு எல்லா வசனமும் மறந்துபோனது. எடுத்துக்கொடுக்க வேண்டிய பிரெண்டா, திரைக்குப் பின்னால் வாயே திறக்கவில்லை. கணவனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கவேண்டிய எட்னா, மேடையைக் கடந்து வந்து கிளிஃபோர்டின் பக்கத்தில் நின்றுகொண்டாள். கையில் கோப்பையோடு, முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு.