சாமான் அறை வாசல்

பிளக் ஸ்பானர் எடுக்கப் போன பரீனா, சாமான் அறையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள். மூடி கழற்றிய படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று வலது மணிக்கட்டை முக்காட்டு நுனியால் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அங்கே எண்ணெய் எதுவும் படவில்லை.

என்ன நடந்தது என்று யோகமலர் கேட்கவில்லை. போன வாரம் அதே அறையில் அவளுடைய மணிக்கட்டையும் பொறுப்பாளர் பிடித்திருந்தார். உதறிவிட்டு வெளியே வந்திருந்தாள்.

உப்புவெளிப் பயிற்சி நிலையத்தில் படகு எஞ்சின் திருத்தப் படித்த பெண்கள் இவர்கள் இருவர் மட்டுமே. காலையில் ஒவ்வொருவராகப் போய்க் கருவிகளை வாங்க வேண்டும். பொறுப்பாளர் இராசதுரை ஆண்களுக்கு வாசலிலேயே கொடுத்துவிடுவார். பெண்கள் போனால், "உள்ளுக்கு வந்து பார்த்து எடும் பிள்ளை" என்பார். பிறகு கதவு சாத்தப்படும். கேட்டால் காரணம் தயாராக இருந்தது: உள்ளே குண்டுக்கு உதவும் என்று தடைசெய்த பற்றறியும் வயரும் கிடக்கின்றன, கதவு திறந்திருப்பதை நேவிக்காரர் கண்டால் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த யுத்த வருடங்களில் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை.

"நாளைக்கு நான் வரமாட்டன் அக்கா."

"வீட்டில சொல்லப் போறியா?"

"சொன்னா வாப்பா இவரிட்ட சண்டைக்கு வருவார் எண்டு நினைக்கிறீங்களா? என்னைத்தான் கிண்ணியாவில வீட்டோட மறிச்சு வைப்பார். பொம்பிளைப் பிள்ளைக்கு எஞ்சின் என்னத்துக்கு எண்டு ஏற்கெனவே ஊர் முழுக்கக் கதை."

யோகமலர் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊரான சல்லியில் எஞ்சின் திருத்தியவன் இந்தியாவுக்குப் போய்விட்டான். கணவனைப் படையினர் கொண்டுபோனதிலிருந்து கருவாடு காயவைத்துப் பிள்ளைகளை வளர்க்கிறாள். எஞ்சின் திருத்தும் வேலை ஊரில் அவளுக்காகக் காலியாகக் கிடந்தது. பேசாமல் இருந்தால் பரீனா போவாள். பிறகு அந்தக் கதவு தனக்கு மட்டும் சாத்தப்படும். தானும் போனால், பெண்களுக்கு இது ஒத்துவராது என்று எழுதி வைத்துவிடுவார்கள்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் வா," என்றாள். "உன்ர பேர் என்ர வாயால வராது."

அன்று பின்னேரம் நிலையத்தின் அதிபர் ஞானசேகரத்தின் முன்னால் போய் நின்றாள். அவர் கதிரையைக் காட்டினார். சொன்னதைக் கேட்டுவிட்டு விசிறியை நிமிர்ந்து பார்த்தார். மின்சாரம் இல்லை.

"ஆர் அந்தப் பிள்ளை?"

"நான்தான் சேர். என்ர கையைத்தான் பிடிச்சவர்."

"பழைய ஆள் அவர். தகப்பன் மாதிரி நினைச்சுத் தொட்டிருப்பார்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மேசையிலிருந்த பேனையை இடம் மாற்றி மாற்றி வைத்தார்.

"உங்கட நல்லதுக்குச் சொல்றன். தையல் வகுப்பில இடம் இருக்கு. எல்லாரும் பொம்பிளையள். ஒரு கரைச்சலும் இல்லை."

"தையல் எனக்குத் தெரியும் சேர். எஞ்சின்தான் தெரியாது."

"யோசிப்பம்," என்றார். யோசிக்க மாட்டார் என்பது தெரிந்தது.

மறுநாள் காலை கருவி வாங்கும் வரிசையில் அவள் முதல் ஆளாக நின்றாள். பின்னால் பரீனா. அவளுக்குப் பின்னால் ஆண்கள்.

"உள்ளுக்கு வாரும்," என்றார் இராசதுரை.

"இஞ்ச தாங்கோ."

"என்ன வேணுமெண்டு பார்த்து எடுக்க வேண்டாமோ?"

"பிளக் ஸ்பானர். மற்றவைக்குக் குடுக்கிற மாதிரி வாசலில தாங்கோ."

அவர் சிரித்தார். அவள் நகரவில்லை. கை நீட்டவும் இல்லை, உள்ளே காலை வைக்கவும் இல்லை. வரிசை வாசலிலிருந்து முற்றம் வரை அசையாமல் நின்றது. பயிற்சிக் கொட்டகைக்குள் எஞ்சின்கள் பிரித்தபடி கிடந்தன.

"யோகக்கா, கொஞ்சம் வழி விடுங்கோவன்," என்றான் மூதூர் அபூதாஹிர். "வெயில் ஏறுது. கருவாடாப் போயிருவம்."

"வாங்கின உடன விடுவன் தம்பி."

"அண்ணே, அந்த ஸ்பானரைக் குடுத்துத் துலையுங்கோ. தங்கத்தாலயா செய்தது?"

பின்னால் சிரிப்பு எழுந்தது. இராசதுரையின் முகம் கறுத்தது. "உள்ளுக்கு வர இவவுக்கு என்ன பயமாம்?"

"பயமில்லை," என்றாள் யோகமலர், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "போன கிழமை கதவைச் சாத்திப்போட்டு என்ர கையைப் பிடிச்சனீங்கள். இனி இந்த வாசலைத் தாண்டமாட்டன்."

சிரிப்பு நின்றது. அபூதாஹிர் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தான். பிறகு வரிசையை விட்டு விலகிப் போய்ச் சுவரோரம் குந்தினான். "அவவுக்கு வாசலில குடுத்த பிறகு நானும் வாங்குறன்." இன்னும் இரண்டு பேர் அவனோடு போய் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எவரும் அவளை முந்திக்கொண்டு வரவில்லை.

கொட்டகையில் சத்தமே இல்லாததைக் கவனித்துத்தான் ஞானசேகரம் வந்திருக்க வேண்டும். வரிசையைப் பார்த்தார், பிரித்துக் கிடந்த எஞ்சின்களைப் பார்த்தார். நேற்றுத் தன் அறைக்குள் அவர் தனியாகக் கேட்டது இன்று எல்லார் முகத்திலும் இருந்தது.

"இராசதுரை, அறைப் பூட்டின்ர திறப்பைத் தந்துபோட்டு ஒஃபிசில இரும்," என்றார். பிறகு அவளிடம், "நீங்கள் வைச்சிருங்கோ," என்று வாங்கிய திறப்பை நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் சேர். நான் படிக்க வந்தனான். மேசையை வாசலுக்குக் குறுக்கால போடுங்கோ. குடுக்கிறது ஆரெண்டாலும் உள்ளுக்க நிக்கட்டும், வாங்குற எல்லாரும் வெளியில. நேவி வந்தா மேசையை இழுத்துப்போட்டுப் பூட்டலாம்."

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். பிறகு அபூதாஹிரைப் பார்த்துத் தலையசைத்தார். மேசை வந்தது. இராசதுரை வேலையிலிருந்து நீக்கப்படுவாரா, நாளை இதே மேசைக்குப் பின்னால் நிற்பாரா என்று யாரும் சொல்லவில்லை. யோகமலருக்கும் தெரியாது. நின்றாலும் அவள் வருவாள்.

அன்று பின்னேரம் பரீனா தன் எஞ்சினைச் சாக்கால் மூடிக் கட்டினாள்.

"துறையில நேவிச் சோதனை எண்டா நாளைக்குப் பிந்தித்தான் வருவன்," என்றாள். "அதுக்குள்ள இதை ஒருத்தரையும் தொட விடாதீங்க அக்கா."