படிக்கு உரிமம்

பழைய படிக்கட்டை அழித்துவிட்டுப் புதியதை வரையும்போது வசந்தாமணியின் கம்ப்யூட்டர் நின்றுபோனது. அவள் கணவர் நாச்சிமுத்து அப்போது மொட்டை மாடியில் இருந்தார். அந்த ஊரில் எந்த வீடும் கம்ப்யூட்டரில் வரைந்த அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே படி இல்லை.

"அம்மிணி, எறங்க வழியக் காணோம்."

"கம்ப்யூட்டர் போயிருச்சுங்க. புதுசு வாங்கியாந்து வரைஞ்சு தர்றேன்."

"பக்கத்து வீட்டுல ஏணி கேளு."

"அது அவங்க பிளான்ல இருக்குற ஏணிங்க. காம்பவுண்டு தாண்டி வராது."

ஊருக்கெல்லாம் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பவள் அவள். சொந்த வீட்டுக்காரரை இறக்க முடியவில்லை என்று வெளியே சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போனாள்.

வன்பொருள் பிரிவில் தினகர் என்பவர் நின்றிருந்தார். அவர் தலையில் ஒரு சின்ன மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வரையறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுங்க."

"இதைப் பாருங்க. உள்ள லைட்டு எரியும்."

"படிக்கட்டு வருமா?"

"கலர் மாறும்."

"படிக்கட்டு?"

"எந்த சாஃப்ட்வேர்னு தெரியாம நான் எப்படிங்க சொல்றது? அங்க போய்க் கேட்டுட்டு வாங்க."

மென்பொருள் பிரிவு அதே வராந்தாவின் மறுகோடியில் இருந்தது. அங்கே ஒரு நாற்காலி. ஆள் இல்லை. மேசையில் டம்ளர் மட்டும் தானாக உயர்ந்து தாழ்ந்தது.

"சொல்லுங்க" என்றது குரல்.

"உங்களக் காணோமே?"

"கண்ணுக்குத் தெரியாத பொருளை விக்கிறவன் நான். நான் மட்டும் எதுக்குத் தெரியோணும்?"

"வீட்டுப் படிக்கட்டு வரையோணுங்க."

"ஏரோப்ளேன் வரையலாம். கப்பல் வரையலாம். பல்செட்டு வரையலாம்."

"படி போதுங்க."

"படி தனியா வராது. ஏரோப்ளேனோட சேர்ந்துதான் வரும். உங்க கம்ப்யூட்டர் என்னதுன்னு சொல்லுங்க, எது ஓடும்னு சொல்றேன்."

"இனிமேத்தான் வாங்கோணும்."

"வாங்கிட்டு வாங்க."

திரும்பி நடந்தாள். வராந்தா நீண்டிருந்தது. தினகர் மறுபடியும் மென்பொருளைக் கேட்டார். மறுபடியும் நடந்தாள். நடுவில் ஒரு டீக்கடை வந்திருந்தது. அடுத்த தடவை பஸ் நிறுத்தம். வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் இரண்டு பக்கமும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

நாச்சிமுத்து போன் செய்தார். "அம்மிணி, நான் இங்கயே குடியிருக்கோணுமா?"

"தேர்ந்தெடுத்துட்டு இருக்கறேனுங்க."

"எதை?"

"எதை மொதல்ல தேர்ந்தெடுக்கறதுங்கறதை."

இனிப் பொறுக்க முடியாது. தினகரின் சட்டைக் காலரைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள். மறுகோடியில் இறக்கி நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் பேசுங்க."

"இவரு யாருங்க?" என்றார் தினகர்.

"அதையேதான் நானும் கேக்கறேன்" என்றது குரல்.

"உங்க கடைதானே ரெண்டும்?"

"ஒரே கடைதானுங்க. பேச வேண்டிய அவசியம் வரல" என்றார் தினகர்.

தினகர் காற்றில் கை குலுக்கினார். பார்த்த மாத்திரத்தில் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. இருப்பதிலேயே பெரிய கம்ப்யூட்டர், அதில் மட்டுமே ஓடும் ஏரோப்ளேன் மென்பொருள் என்று அவர்களே முடிவு செய்தார்கள். வசந்தாமணியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து படியை வரைந்தாள். ஏரோப்ளேனுக்கு உள்ள வழவழப்போடு படி வந்து நின்றது. நாச்சிமுத்து காலை வைத்தார். வைத்த இடத்தில் படி இல்லை. காலை எடுத்தார். படி இருந்தது.

கடைக்குப் போன் போட்டாள்.

"உரிமம் யாரு பேருல?" என்றது குரல்.

"எம் பேருல."

"அப்ப நீங்க மட்டுந்தான் ஏறலாம், எறங்கலாம். ஒரு ஆளுக்குத்தான் உரிமம்."

"எங்க வீட்டுக்காரரு?"

"இன்னொரு உரிமம் வாங்கோணும். அது அடுத்த வருசம்தான் வரும்."

கொஞ்சம் யோசித்தாள். "சாமான் செட்டு எறக்கலாமுங்களா?"

"சாமானுக்கு எதுக்குங்க உரிமம்? தாராளமா எறக்குங்க."

மேலே போனாள். நாச்சிமுத்துவின் கை கால்களை மடக்கி, சணல் கயிற்றால் கட்டினாள்.

"என்ன அம்மிணி பண்றே?"

"பேசாதீங்க. சாமான் பேசாது."

தலையில் வைத்து இறக்கினாள். படி ஒன்றும் சொல்லவில்லை. கிரைண்டருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் வைத்துக் கட்டை அவிழ்த்தாள். சாயங்காலம் தினகர் படியைச் சோதிக்க வந்தார். கண் அந்த மூலைக்குப் போனது.

"அது என்னங்க?"

"பழைய சாமான்."

"வாரண்டி இருக்குதா?"

"அது கல்யாணத்தன்னைக்கே முடிஞ்சு போச்சு."

தினகர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் தலைவிசிறிச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"போயிட்டாருங்க. இனிப் பேசலாம்" என்றாள் வசந்தாமணி.

நாச்சிமுத்து பேசவில்லை.

"காப்பி போடட்டுங்களா?"

கிட்டப் போய்ப் பார்த்தாள். தோளில் லேசாகத் தூசி படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். சுவரோரமாக நகர்த்தி, நடைக்கு இடைஞ்சல் இல்லாமல் வைத்தாள்.