ஐந்தாம் வரிசையில் சோப்புத் தண்ணீர்

பேரி மரத்துத் தத்துப்பூச்சியின் குஞ்சு தன் கழிவுக்குள்ளேயே குடியிருக்கும். இலைச்சாற்றை உறிஞ்சும், பின்னால் பிசுபிசுவென்று ஒரு சொட்டு விடும், அந்தச் சொட்டுக்குள் சொகுசாக மிதந்தபடி மறுபடி உறிஞ்சும். லென்ஸில் முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போகப் போகப் பழகிவிட்டது. பூச்சிக்கு வேறு பிழைப்பு தெரியாது, விடு என்று விட்டுவிட்டேன்.

நான் வேலை பார்த்தது ஒரு பழ ஆராய்ச்சிப் பண்ணையில். சோதனைக்கு ஐந்து வரிசை பேரி மரங்கள். நான்கு வரிசைக்கு நான்கு விதப் பூச்சிமருந்து, ஐந்தாவதுக்கு வெறும் தண்ணீர். மருந்தே படாத மரம் எவ்வளவு நாசமாகிறது என்று தெரிந்தால்தானே மருந்தின் லட்சணம் தெரியும்? வாரத்துக்கு ஒருமுறை மரத்துக்கு இருபது இலை பறித்து, லென்ஸுக்குக் கீழே வைத்துக் குஞ்சுகளை எண்ணி, பக்க எண் அச்சடித்த தடித்த நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. எண்ணை மாற்றுவதென்றால் எழுதியவரே ஒற்றைக் கோட்டால் அடித்து, காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். எழுதுகிறவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் என்பதால் பண்ணையில் என் பெயர் 'டிகிரி'.

மருந்து அடிக்கிற பெண்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி என் அம்மா, இன்னொருத்தி என் சித்தி. அம்மா பதினோரு வருடமாகத் தினக்கூலி. அந்த மாதக் கடைசியில் ஆறு பேரையும் நிரந்தரமாக்கும் பட்டியல் போவதாக இருந்தது. பட்டியல் போடுகிறவர் பண்ணைத் தலைவர்.

அவருக்குப் பெண்கள் வைத்த பெயர் 'கையுறை'. வெறுங்கையால் ஓர் இலையைத் தொட்டதில்லை. பிசின் ஒட்டுமாம். அம்மா சாவியை நீட்டினால் "அங்க வை" என்பார், வைத்த பிறகு கைக்குட்டையால் எடுப்பார். அதே அம்மா முதுகில் டேங்கைச் சுமந்து, மருந்தில் நனைந்து, கழுத்தெல்லாம் தடிப்போடு நிற்பதைப் பார்த்து அவர் முகம் சுளித்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை, பட்டச் சான்றிதழ் வாங்க விடுப்பில் போயிருந்தேன். செவ்வாய் காலை எண்ண உட்கார்ந்தேன். மூன்றாம் வரிசையில் இலைக்கு இரண்டு குஞ்சு. அது அன்றைக்கு விருந்தாளியாக வரவிருந்த கம்பெனிக்காரரின் மருந்து. நல்லது. ஐந்தாம் வரிசைக்குப் போனேன். போன வாரம் அங்கே இலைக்குப் பதினாலு. பிசின் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, அடுப்புக்கரி பூசினாற்போல் நின்ற மரங்கள். இப்போது இலைகள் பளபளவென்று மின்னின. இருபது இலை எண்ணினேன். இலைக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. முகர்ந்து பார்த்தேன். துணி சோப்பு வாசனை.

பம்பு அறைக்கு ஓடினேன். ஆறு பேரும் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சாவது வரிசையை என்ன பண்ணீங்க?"

சித்தி பெருமையாகச் சிரித்தாள். "கண்ணு கூசுதா டிகிரி? ஆறு பேரும் இடுப்பொடியக் கழுவினோம்."

"கழுவினீங்களா!"

"பின்ன? கையுறை வந்து நின்னுச்சு. 'நாளைக்குக் கம்பெனிக்காரர் வரார், அந்தக் கருப்பு வரிசையைப் பார்த்தாலே குமட்டுது, முதல்ல அதைச் சுத்தம் பண்ணுங்க'ன்னுச்சு. சோப்பைக் கரைச்சு பம்புல அடிச்சு, துணியால ஒவ்வொரு கொப்பா தொடச்சோம்."

"உங்க அப்பனைக்கூட நான் அப்படித் தேச்சுக் குளிப்பாட்டினதில்லடி" என்றாள் அம்மா. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டவும் வாய் வரவில்லை. அந்த வரிசை அழுக்காக இருக்க வேண்டும் என்பதுதான் சோதனையே என்று இவர்களிடம் யாரும் சொன்னதில்லை. எட்டு மாதமாக லென்ஸைக் கட்டிக்கொண்டு அழுத நானும் சொன்னதில்லை.

எண்ணியதை எண்ணியபடி நோட்டில் எழுதி, தலைவர் அறைக்கு எடுத்துப் போனேன். கம்பெனிக்காரர் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"மருந்துக்கு ரெண்டு, வெறும் தண்ணிக்கு ஒண்ணுகூட இல்லையா? என்னம்மா கூத்து இது?" என்றார் தலைவர்.

"சோப்பு போட்டுக் கழுவியிருக்காங்க சார். நீங்க சொல்லித்தான்."

"நான் பாதையைப் பெருக்கச் சொன்னேன்."

கூசாமல் சொன்னார். கம்பெனிக்காரர் துள்ளிக் குதிப்பார் என்று அவர் பக்கம் திரும்பினேன். துணி சோப்பிடம் தோற்றிருக்கிறது அவர் மருந்து, கோபம் வராதா? அவர் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "போன வாரம் பதினாலு இல்ல? ஏறத்தானே செஞ்சிருக்கும். பதினெட்டுன்னு போட்டா நியாயமா இருக்கும்."

"வெயில் வேற ஜாஸ்தி. பத்தொன்பது போடுவோம்" என்றார் தலைவர். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல் இருவரும் பேசிக்கொண்டார்கள். ஒருவேளை கழுவாமல் விட்டிருந்தால் பத்தொன்பதே இருந்திருக்கலாம். ஆனால் அதை எண்ணியது யார்?

"அடிச்சுட்டு, 'எண்ணியதில் பிழை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. ஒரு நிமிஷ வேலை."

"நான் சரியாத்தான் எண்ணினேன் சார்."

"அப்ப நான் என்ன எழுதணும் தெரியுமா? கூலிப் பொம்பளைங்க தன்னிஷ்டத்துக்குச் சோதனையைக் கெடுத்துட்டாங்கன்னு. பட்டியல் மொத்தமும் போயிடும். உங்க அம்மா பேர் ரெண்டாவதா இருக்கு. பாவம்."

நோட்டை என் பக்கம் தள்ளினார். சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லச் சொன்னார்.

பம்பு அறையில் நடந்ததைச் சொன்னேன். கழுவச் சொன்ன வாயால் கெடுத்தார்கள் என்கிறானா என்று ஆளாளுக்கு வைதார்கள். அப்புறம் அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"பதினோரு வருஷம் பாப்பா. போட்டுத் தொலையேன். உலகத்துல எவன் ஒழுங்கா எண்ணுறான்?"

"போடாதடி" என்றாள் சித்தி. "சோப்புக்கே பூச்சி போகுதுன்னா அதை எழுது. அந்தக் கருமத்தை முதுகுல சுமக்கிறவளுக்கு அது தெரிய வேண்டாமா?"

"உனக்கென்ன? மாட்டிக்கிட்டு முழிக்கிறது உன் பொண்ணா?"

"என் பேரும் பட்டியல்ல இருக்குக்கா!"

அக்காவும் தங்கையும் அப்படிக் கத்திக்கொண்டு நான் பார்த்ததில்லை. நான் நோட்டைத் திறந்தேன். எதையும் அடிக்கவில்லை. குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'திங்களன்று பண்ணைத் தலைவரின் வாய்மொழி உத்தரவுப்படி ஐந்தாம் வரிசை சோப்புக் கரைசலால் கழுவப்பட்டது. இந்த எண் கழுவிய பிறகு எடுத்தது.' கையெழுத்துப் போட்டேன். உத்தரவைக் காதால் கேட்டவர்கள் சாட்சி போடலாம் என்றேன். சித்தி பேனாவைப் பிடுங்கிப் போட்டாள். மற்ற நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போட்டார்கள். அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போய்விட்டாள்.

நோட்டைப் படித்த தலைவர், "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார். பக்கத்தை மட்டும் அவரால் கிழிக்க முடியவில்லை. நோட்டு அப்படியே மேலிடத்துக்குப் போனது. இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் பட்டியலை வாசல் கதவில் ஒட்டினார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என்னைக் கூட்டிப் போனாள். ஐந்து பெண்களும் முன்பே வந்து நின்றிருந்தார்கள்.

ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"என் பேரு மட்டுமா?" என்றாள் அம்மா.

"ஆமா."

"சாட்சி போடாததுக்குச் சன்மானமா?"

சித்தி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இரு, அக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மற்ற நால்வரும் பின்னாலேயே போனார்கள்.

அம்மா கதவோரமாய்க் காறித் துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். உள்ளேயிருந்து தலைவர் குரல் கேட்டது: "மூணாவது வரிசைக்கு மருந்து கலக்கணும், யார் வந்திருக்கா?"

"நான்தான் சார்" என்று சொல்லிக்கொண்டு அம்மா உள்ளே போனாள்.