சூடு காட்டாத ஷாஃப்ட்

உரிந்து வந்த உலோகப் பொருக்கை மேஸ்திரி மேசைமேல் போட்டார். பம்பைச் சுழற்றும் ஷாஃப்ட் தண்டில் உலோகத்தை உருக்கித் தெளித்து அனுப்பிய பூச்சு, மூன்றே நாளில் மரப்பட்டைபோலக் கழன்று திரும்பி வந்திருந்தது.

"பூசுறதுக்கு முன்னாடி மணலடிச்சது சரியில்ல. சொரசொரன்னு இருந்தாத்தானே பூச்சு பிடிக்கும்? உங்க மச்சான நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

பூச்சுக்காரர் பொருக்கை எடுத்துப் புரட்டினார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பட்டறையில் சேர்த்துவிட்டதே இவர்தான். அவன் மணலை ஒழுங்காகத்தான் அடித்திருந்தான். பூசுமுன் ஷாஃப்டைத் தீயில் காட்டிச் சூடாக்க வேண்டியது இவர் வேலை. அன்று மழை ஈரம், கேஸ் சிலிண்டரும் தீரும் தறுவாய். மாற்றப் போனால் பஸ் போய்விடும் என்று, ஜில்லென்றிருந்த இரும்பிலேயே உலோகம் தெளிக்கும் துப்பாக்கியைப் பிடித்துவிட்டார்.

குழாயடியில் மச்சானிடம் விஷயத்தைச் சொன்னார், பாதியை மட்டும்.

"விடுங்க மாமா, எங்கயாவது ஒரு இடத்துல மணலடிக்காம விட்டிருப்பேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அந்த வாய்க்கு மணல் மெஷினே தேவல" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நேரே மேஸ்திரியிடம் போனார்.

"தப்பு என்னோடது. நான் சூடு காட்டல."

"மச்சானுக்காகப் பழிய ஏத்துக்கறீங்களாக்கும். நல்ல மனசுதான். போய் வேலையப் பாருங்க."

நல்ல மனசு என்றது செருப்படிபோல விழுந்தது. மச்சான் மணலடித்து வைத்திருந்த இரண்டு தகடுகளை எடுத்துவந்தார். ஒன்றைச் சூடாக்கினார், மற்றதை அப்படியே விட்டார். இரண்டின்மேலும் துப்பாக்கியை ஒரு வீச்சு வீசி, பூதக்கண்ணாடியை மேஸ்திரியிடம் நீட்டினார். சூட்டுத் தகட்டில் உருகிய துளிகள் காசுபோல வட்டமாகப் பரந்து உட்கார்ந்திருந்தன. மற்றதில் சுவரில் எறிந்த சேறுபோலச் சிதறி, கைகால் முளைத்துக் கிடந்தன. அவற்றை நகத்தால் கீறிக் காட்டினார். உதிர்ந்தன.

மேஸ்திரி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"மச்சான் வேலையில இருக்கட்டும். இனிமே நீங்க பூசுறதுக்கு முன்னாடி சூட்ட நான் வந்து பாப்பேன்."

இருபது வருஷத்தில் யாரும் இவர் வேலையைச் சரிபார்த்ததில்லை. தலையை ஆட்டினார்.

மச்சான் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"தப்பு உங்களோடதுன்னு குழாயடியில நான் பேசினப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் மாமா என்று கூப்பிடவில்லை. உரிந்த ஷாஃப்டின் ஒரு முனையைத் தூக்கினான். இவர் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தார். அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அந்த வேகத்துக்கு இவர் கால் எட்டவில்லை.