கோஜி அறைக்கு வெளியே

அப்பா கேட்டைத் தாண்டி உள்ளே வரவே மாட்டேன் என்று பனியில் நின்றுகொண்டிருந்தார். சட்டை, கோட்டு, ஷூ எல்லாம் புதுசு.

"உள்ளே வாங்கப்பா."

"வேணாம்மா. பாப்பாவை ஜன்னல்கிட்ட தூக்கிக் காட்டு, போதும். பாத்துட்டு அடுத்த ரயிலப் பிடிச்சிடறேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மிட்டோவிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி வந்த மனுஷன், பேத்தியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவாராம்!

அவர் பக்கம் நியாயமும் இருந்தது, அதுதான் கொடுமை. அப்பாவுக்கு நாட்டோ செய்கிற தொழில். அவித்த சோயாவை வைக்கோலில் கட்டி, நூல் நூலாக இழுபடும்வரை புளிக்கவிட்டு விற்பார். நான் வாழ்க்கைப்பட்டதோ கோஜி வீட்டில், அதாவது வெந்த அரிசியில் பூஞ்சை வளர்த்து ஊருக்கு மிசோ என்கிற சோயா விழுது போடக் கொடுக்கிற வீட்டில். நாட்டோவின் கிருமி கொஞ்சம் ஒட்டினாலும் போதும், தட்டுத் தட்டாக அரிசி பிசுபிசுத்துப் பாழாகிவிடும். குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் நாட்டோ தின்பது இருக்கட்டும், தின்றவனைக்கூட உள்ளே விடமாட்டோம். என் கல்யாணத்தையே அதற்காகத்தான் கோடையில் வைத்தார்கள். என் மகளுக்கு அந்த விவரமெல்லாம் தெரியுமா? பிப்ரவரியில் வந்து பிறந்துவிட்டாள்.

என் கணவர் தகாஃபுமி கல்லூரியில் பூஞ்சையைப் பற்றியே படித்தவர். "மாவை அறுக்க ஒரு நொதி, புரதத்தை அறுக்க இன்னொரு நொதி. அதனாலதாம்மா அரிசி இனிக்குது" என்று ஆரம்பிப்பார். "சரிடா, இனிக்குது. தட்டைத் தூக்கு" என்பார் அத்தை ஃபுசாயே. அவர் தட்டைத் தூக்கலாம், கிளறத்தான் கூடாது. இரண்டாம் நாள் பூஞ்சைக்குச் சூடேறும். அப்போது கைவிட்டுக் கட்டியை உடைத்துக் கிளறாவிட்டால் தன் சூட்டிலேயே அது வெந்து செத்துவிடும். அந்த வேலையை அத்தை தன் மகனிடம்கூட ஒருநாளும் விட்டதில்லை. அப்பா வந்து நின்றது சரியாக அந்த இரண்டாம் நாள். தெரு முழுவதற்குமான அரிசி உள்ளே இருந்தது.

பேச்சுக்குரல் கேட்டு அத்தை வெள்ளை ஏப்ரனோடு வெளியே வந்தார். அப்பா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதீங்க சம்பந்தி! கடையப் பூட்டிட்டு, தினம் வெந்நீர்ல ஊறிட்டுத்தான் வந்தேன். ஆனா இந்தக் கை சின்ன வயசுலேருந்து அதுலயே கிடந்த கை. கழுவினா போயிடுமா?"

"எங்க, காட்டுங்க."

அப்பா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அத்தை பனியில் இறங்கிப் போய் அந்த இரண்டு கைகளையும் இழுத்துத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டார்.

"ஐயோ அத்தை!" என்று கத்திவிட்டேன்.

"என்ன ஐயோ? இனிமே நானும் தீட்டு, அவ்வளவுதானே?" கோஜி அறைப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார். "டேய் தகாஃபுமி! வெளிய வராத. நீயே கிளறு. எதையும் என்கிட்ட கேக்காத, எனக்குச் சம்பந்தி வந்திருக்காரு!"

உள்ளேயிருந்து "சரிம்மா" என்று மெல்லிய குரல் வந்தது.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். முதலில் மூச்சுகூட விடவில்லை. அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டதும் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை, நான்தான் துடைத்துவிட்டேன். அத்தை பக்கத்தில் இருந்தாரே தவிர, கண்ணெல்லாம் கோஜி அறைக் கதவில். மடியில் கிடந்த விரல்கள் தாமாக விரிந்து மடங்கி, இல்லாத அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தன.

"பயமா இருக்கா?" என்றார் அப்பா.

"இருக்காதா பின்ன? கெட்டுப்போச்சுன்னா தெருவுல யார் மூஞ்சில முழிப்பேன்?"

தேநீர் ஆறிப்போனது. யாரும் குடிக்கவில்லை.

கதவிடுக்கு வழியாக, கோஜி நன்றாகப் பிடித்தால் மட்டுமே வருகிற அந்த வாசனை மெல்ல வந்தது, சுட்ட கஷ்கொட்டை உரித்ததுபோல. முதலில் தலை நிமிர்ந்தது அப்பாதான். அத்தை ஒருமுறை ஆழமாக இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்" என்று முணுமுணுத்தபடி ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பா குழந்தையைக் கதவுப் பக்கமாகத் திருப்பி ஏந்தினார்.

"மோந்து பாரு கண்ணு, உங்கப்பன் கிளறினது."

அவள் மூக்கைச் சுளித்தாள்.