துடைப்பக் கோடு

திருமழிசை தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், போல்ட் கம்பெனிக்கும் பெயின்ட் குடோனுக்கும் நடுவிலிருந்த அந்த ஷெட்டில் குப்பம்மாவுக்கு ஒரே வேலைதான். மணலை மட்டமாக்க வேண்டும். கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு தொட்டி கட்டி, அதில் முழங்கால் ஆழத்துக்குக் கிரஷர் தூளும் செங்கல் பொடியும் கலந்து கொட்டியிருந்தார்கள். ஆறு சக்கர வண்டி ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஆள் யாரும் ஓட்டாமல், ஊர்ந்து போகும். போய் முடித்ததும் குப்பம்மா இறங்கி அது போட்ட தடத்தையெல்லாம் அழித்து, அங்கே எதுவுமே நடக்காத மாதிரி ஆக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறை. சில நாள் பத்து.

வண்டிக்கு வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை விஷாலுடையது. கோயம்புத்தூர்ப் பிள்ளை, பருத்திப்பட்டில் ஃப்ளாட் எடுத்துத் தங்கியிருந்தான். "சார் எல்லாம் வேண்டாங்க்கா, தம்பின்னே கூப்பிடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

"இது எங்க போவப் போவுது தம்பி?"

"செவ்வாய் கிரகத்துக்குங்க்கா. அங்க ரோடு கிடையாது, மரம் கிடையாது. சில இடத்துல ஒரு கல்லுகூட இருக்காது, வெறும் மணல். நாம இங்கிருந்து சொல்றது அங்க போய்ச் சேரவே ரொம்ப நேரமாகும். அதனால வண்டியே தரையைப் பார்த்து, எவ்வளவு தூரம் வந்தோம்னு கணக்குப் போட்டுக்கணும்."

"சக்கரம் எத்தினி சுத்து சுத்துச்சின்னு பாத்தா தெரியாதா?"

"மணல்ல சக்கரம் வழுக்கும்க்கா. பத்து சுத்து சுத்தினாலும் நாலு சுத்து தூரந்தான் போயிருக்கும். அதோட கேமரா கண்ணுதான் நம்பிக்கை."

அவளுக்கு அது புரிந்தது. சேற்றில் சிக்கிய ஆட்டோவை அவள் பார்க்காததா?

மட்டப்பலகையால் இழுத்தால் மணல் நன்றாகத்தான் படிந்தது. ஆனால் இழுத்துவிட்டு வெளியே வரும்போது அவள் கால் தடமே விழுந்து தொலைத்தது. அதனால் தென்னந்துடைப்பத்தை எடுத்து, பின்பக்கமாகவே நடந்து, தன் தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு வருவாள். அப்படியே பாதி தொட்டியில் துடைப்பக் கீறல் விழுந்துவிடும். மீதியையும் அதே மாதிரி ஆக்கினால்தான் அவள் மனசு ஆறும். முடித்த பிறகு பார்த்தால் மணல் முழுக்க மயிரிழை போலக் கோடு. விஷால் குனிந்து பார்த்து, "இது பரவாயில்லங்க்கா, இவ்வளவு மெல்லிசா இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றான். ஏழு மாதம் அப்படியே ஓடியது. வண்டி ஒரு முறைகூட வழி தவறவில்லை. ஷெட்டில் கேக் வெட்டினார்கள். குப்பம்மாவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

ஒரு நாள் துடைப்பத்தின் கட்டு அவிழ்ந்துபோனது. தொட்டியின் கடைசிப் பகுதியைப் பலகையால் மட்டும் இழுத்துவிட்டு, ஓரச் சுவரில் ஏறி வெளியே வந்தாள். வண்டி கோடு இருந்த இடம்வரை ஒழுங்காகப் போயிற்று. கோடு முடிந்த இடத்தில் தயங்கியது. திரும்பக் கூடாத இடத்தில் திரும்பி நின்றது. சக்கரத்தில் கோளாறு என்று நினைத்து இரண்டு பேர் அதைக் கழற்ற உட்கார்ந்தார்கள். குப்பம்மா விஷாலின் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள். வண்டியின் கண் தரையில் பிடித்த அடையாளங்களைக் காட்டும் பச்சைப் புள்ளிகள் அத்தனையும் அவள் துடைப்பக் கோட்டின்மேல் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. பலகை இழுத்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

"தம்பி, வண்டி என் தொடப்பத்து கோட்ட புட்ச்சிகினு போய்கினு கீது. கோடு இல்லாங்காட்டி அதுக்குக் கண்ணு தெரில."

விஷால் சிரிக்க வாயெடுத்தான். பிறகு திரையைப் பார்த்தான். எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, இதை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். பத்து நாள்ல வண்டியை வாங்கறவங்க வராங்க. அதுவரைக்கும் இதே மாதிரி பெருக்கிட்டு இருங்க. அப்புறம் நான் சரிபண்ணிக்கறேன்."

தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் அன்றைக்கே புதுத் துடைப்பம் வாங்கி வந்தாள்.

வாங்குகிறவர்கள் நான்கு பேர் வந்தார்கள். கம்பெனி முதலாளி கிருஷ்ணப்பிரியா அவர்களை அழைத்து வந்து தொட்டி ஓரத்தில் நிறுத்தினாள். அதில் வயதானவர் ஒருவர், வெள்ளைச் சட்டைக்காரர், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து மணலை உற்றுப் பார்த்தார்.

"இதென்ன கோடு? யாரோ பெருக்கியிருக்காங்களே. அடையாளமே இல்லாத தரைதானேம்மா நாங்க கேட்டது?"

நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று, தொட்டிக்குள் கால் வைக்காமலே இழுத்தார்கள். மணல், ஆறிய பாலில் ஏடு படிந்த மாதிரி ஆயிற்று. வண்டியை விட்டார்கள். புறப்பட்டது. சக்கரங்கள் வழுக்கின. போகாத தூரத்தையெல்லாம் போய்விட்டதாக எண்ணிக்கொண்டு, பாதி வழியிலேயே திரும்பி, பக்கச் சுவரில் முட்டியது. முட்டியும் நிற்காமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருவர் போய்ப் பொத்தானை அழுத்தினார்.

எல்லோரும் விஷாலைப் பார்த்தார்கள்.

"மேடம், இங்க மட்டம் பண்றவங்க எங்ககிட்ட சொல்லாம துடைப்பம் போட்டிருக்காங்க. அதனால எங்க சோதனை எல்லாமே கெட்டுப்போச்சு" என்றான்.

சுவரோரம் நின்ற குப்பம்மாவுக்கு முதலில் அது யாரைப் பற்றிய பேச்சு என்றே பிடிபடவில்லை. பிடிபட்டதும் வாய் தானாகத் திறந்தது.

"இன்னா சார் சொல்ற? நான் சொல்லல உன்னாண்ட? யாராண்டயும் சொல்லாத, இப்டியே பெருக்குன்னு நீதான சொன்ன?"

விஷால் தரையைப் பார்த்தான். கிருஷ்ணப்பிரியா அவனையும் அவளையும் ஒரு முறை மாறி மாறிப் பார்த்தாள். யார் சொல்வது உண்மை என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, அதைக் குப்பம்மா கண்ணால் கண்டாள். ஆனால் கிருஷ்ணப்பிரியாவின் வாயில் வந்தது வேறு: "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

சாயங்காலம், அவளை அந்த வேலைக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரர் இருதயராஜ் போன் செய்தார். "எக்கா, இன்னாக்கா பண்ணி வெச்ச அங்க? பெரிய எடம் அது. நாளைலேர்ந்து நீ போவாத."

வீட்டில் கணவன் வேம்புலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனுக்கு இன்னாத்துக்கு அந்த வேல? கண்டத வாய மூடிகினு உட்டிருந்தா, நீ கண்டன்னு யாருக்குத் தெரியும்?" என்றான். அவன் ஆறுதலுக்காகச் சொன்னானா, குத்துவதற்காகச் சொன்னானா என்று அவளுக்கு விளங்கவில்லை. எப்படியிருந்தாலும் அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் அவளை எரித்தது.

ஆறு வாரம் கழித்து இருதயராஜ் மறுபடி கூப்பிட்டார். கம்பெனி பிழைத்துக்கொண்டதாம். வாங்குகிறவர்கள் இன்னொரு தவணை கொடுத்திருக்கிறார்களாம். இனி கோடு போட்ட தரையில் பாதி, கோடு இல்லாத தரையில் பாதி என்று சோதனையாம். புதிதாக வந்தவளுக்குக் கோடு சரியாக விழவில்லையாம். குப்பம்மா அதற்குள் நாலு இடம் கேட்டுப் பார்த்து வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். போனாள்.

"வாங்கக்கா" என்றான் விஷால், நேற்றுதான் விட்டுப் போனவளிடம் பேசுவது போல. ஒரு தாளை நீட்டினான். இங்கிலீஷில் இருந்தது. கீழே அவன் பெயர்.

"இன்னா சார் இது?"

"எப்படிப் பெருக்கணும்னு முறைங்க்கா. நான்தான் எழுதினேன். பின்பக்கமாவே நடந்து வரணும், கோட்டுக்குக் கோடு இடைவெளி ஒரே மாதிரி இருக்கணும். படிச்சிட்டோம்னு இதுல ஒரு கையெழுத்து."

அவள் போட்டாள். தொட்டியில் இறங்கி, தன் கை அறிந்ததைச் செய்தாள். சுவருக்கு மேலிருந்து விஷால், "இன்னும் கொஞ்சம் நெருக்கமாக்கா, தாள்ல இருக்கு பாருங்க" என்றான். நெருக்கமாகப் போட்டாள்.

வண்டி புறப்பட்டது. எல்லோரும் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். குப்பம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வண்டியையே பார்த்தாள். இடது பக்கம் நடுச் சக்கரம் மணலைத் தொட்டும் தொடாமலும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்தும்தான் இழுத்தன. இன்றைக்கு யாருக்கும் தெரியாது. இரண்டு வாரத்தில் தெரியும், அப்போது சரிசெய்ய நேரம் கடந்திருக்கும்.

"அக்கா, ஏதாவது பார்த்தீங்களா?" என்று விஷால் திரும்பிக் கேட்டான்.

"ஒண்ணியும் இல்ல சார்" என்றாள்.